கொக்கிகளுக்குள் ஒரு குரல்

பாறைக்குறிச்சியில் எழுத்துக்குள்ளிருந்து குரல் வரத் தொடங்கியது ஓர் ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, மேற்கே மலையிலிருந்து சாரல் இறங்கிக் கடைவீதியின் படுதாக்களையெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், உலகம்மாளின் ஜெராக்ஸ் கடையில். வடக்குத் தெரு பேச்சியம்மாள், சாக்கடைத் தண்ணீரைத் தன் வாசல் பக்கம் திருப்பிவிட்ட எதிர்வீட்டு ஆவுடையப்பன் மேல் புகார் கொடுப்பதற்காக ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, அங்கேயே பலகையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். அவன் சொன்ன வார்த்தையை அப்படியே போட்டால்தான் ஸ்டேஷனில் எடுபடும் என்று உலகம்மாள் சொன்னதால், முன்னால் ஒரு ஜோடிக் கொக்கியும் பின்னால் ஒரு ஜோடிக் கொக்கியுமாக மேற்கோள் குறி போட்டு, "ஒன்னால ஆனதப் பாத்துக்க." என்று எழுதி முடித்தாள். கடைசிக் கொக்கியை வளைத்து முடித்ததும், வெற்றிலை அடக்கிய கன்னத்தோடு ஆவுடையப்பன் பேசுகிற அதே குரல் தாளிலிருந்து எழுந்து, "ஒன்னால ஆனதப் பாத்துக்க" என்றது.

எதிர் சலூனில் பாதி முகத்துக்கு நுரை பூசி உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் துண்டோடு எழுந்து வந்தான்.

"யாரு என்னக் கூப்பிட்டது?"

"ஒன்ன யாரும் கூப்பிடல. நீ சொன்னத நீயே சொல்லுத, கேட்டுக்க" என்றாள் பேச்சியம்மாள்.

அவன் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஆமா, சொன்னேன்தான்" என்று ஒப்புக்கொண்டு மீதி முகத்தைச் சவரம் செய்துகொள்ளத் திரும்பிப் போனான். மறுநாள் சாக்கடை அவள் வாசலை விட்டு விலகிப் பழைய வழியில் ஓடியது.

அந்த வாரத்துக்குள் ஊருக்கு அதன் நடைமுறை முழுவதும் பிடிபட்டுவிட்டது. கையால் எழுத வேண்டும், அச்சடித்தது பேசாது. ஜோடிக் கொக்கிகளுக்குள் இருப்பது ஒருவர் உண்மையிலேயே தன் வாயால் சொன்ன வார்த்தையாக, ஒரு எழுத்துக்கூட மாறாததாக இருக்க வேண்டும். அவர் நின்ற இடத்தில் புள்ளி நிற்க வேண்டும், அவர் இழுத்த இடத்தில் கமா இருக்க வேண்டும். பாதி வாக்கியத்தை எழுதிக் கமாவோடு விட்டால் குரல் அதுவரை பேசிவிட்டு, அடுத்ததைச் சொல்ல மூச்சை இழுத்து, அப்படியே நின்றுவிடும். ஒருமுறை பேசிய தாள் பிறகு வெறும் தாள்தான், மறுபடி கேட்க வேண்டுமென்றால் மறுபடி எழுத வேண்டும். ஆற்றுப்பாலத்தைத் தாண்டிவிட்டால் கொக்கி வெறும் கொக்கி. சொன்னவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதை மட்டும் அந்தக் கொக்கிகள் பார்க்கவில்லை.

அதனால் பாறைக்குறிச்சி எழுத உட்கார்ந்தது. ரேஷன் கார்டில் கையெழுத்துப் போடுவதோடு எழுத்தை விட்டிருந்தவர்கள்கூட உலகம்மாளின் கடைக்கு வந்து நாற்பது பக்க நோட்டு வாங்கிப்போனார்கள். பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர் சாயங்காலங்களில் கரும்பலகையில் காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் கேள்விக்குறியையும் பெரிதாக வரைந்து வைத்தாள்; பீடி சுற்றும் பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ஷேர் ஆட்டோவில் வந்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்து, செத்துப்போனவர்கள் சொன்னதை எழுதிக் கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஆனால் குரல் வந்ததைவிட வராததுதான் அதிகம் என்பதை ஊர் மெல்ல மெல்லத்தான் கண்டுகொண்டது. பத்து வருஷம், இருபது வருஷம் நெஞ்சுக்குள் வைத்து வளர்த்த வார்த்தைகளை எழுதினால் தாள் கம்மென்று கிடந்தது, ஏனென்றால் அப்படி யாரும் சொல்லியிருக்கவே இல்லை. அரிசி மில் தர்மக்கண், தன் அப்பா தன்னைப் பார்த்து உறுமியதாகச் சொல்லித் திரிந்த "எந்திச்சு வெளிய போ!" என்ற வார்த்தையை ஆச்சரியக்குறி போட்டு ஆறுமுறை எழுதினான், பேசவில்லை. ஏழாம் முறை சலித்துப்போய் வெறும் புள்ளி வைத்தான். "எந்திச்சு வெளிய போ." அப்பா உறுமவில்லை, களைத்துப்போன ஒரு மனிதர் மெல்லச் சொன்னார், அவ்வளவுதான். தர்மக்கண் அன்று முழுவதும் மில்லைத் திறக்கவில்லை.

உலகம்மாளுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அவள் புருஷன் குத்தாலிங்கம், வயரிங் வேலை பார்த்தவன், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இதேபோல் ஓர் ஆனிக் காற்றில், நெல்லித்தோப்புக் கிணற்றுப் பம்புசெட்டுக்கு ஒயர் மாட்டக் கம்பத்தில் ஏறியவன், கரண்டு அடித்து இறந்துபோனான். போயிருந்த கரண்டு திடீரென்று வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். கல்யாணமாகி இரண்டே வருஷம், பிள்ளை இல்லை. கொக்கி பேசத் தொடங்கிய நாலாம் நாள், அவன் அன்று காலை வீட்டை விட்டு இறங்கும்போது சொன்னதை அவள் எழுதினாள். "சோத்த மூடி வை, வந்து தின்னுக்கிடுதேன்." குரல் வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கடை திறக்குமுன் அதை ஒருமுறை எழுதிக் கேட்டுவிட்டுத்தான் அவள் ஷட்டரைத் தூக்கினாள். ஆனால் அவள் நினைப்பு அந்த வாக்கியத்தில் நிற்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போனபிறகு அவன் ஐந்து மணி நேரம் உயிரோடு இருந்தான். யாரிடமாவது பேசியிருப்பான். டீக்கடையில் என்ன சொன்னான், தோப்புக்காரரிடம் என்ன சொன்னான், கடைசியாக அவன் வாயிலிருந்து வந்த வார்த்தை எது? அவள் ஒவ்வொருவரையும் போய்க் கேட்டாள். "நல்ல பையன்மா, எப்பமும் சிரிச்ச மொகம்" என்றார்கள். யாருக்கும் ஒரு வாக்கியம்கூட எழுத்து மாறாமல் நினைவில்லை. அன்று கிணற்றடியில் அவனோடு இருந்தது ஒரே ஒரு ஆள். அது அவள் அண்ணன் சங்கரநயினார். அண்ணனிடம் அவளுக்குப் பேச்சு இல்லை.

பேச்சு நின்றது ஒரு கடிதத்தால். குத்தாலிங்கத்தின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு, தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சங்கரநயினார் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் புனலூருக்குப் பிழைக்கப் போய்விட்டார். இருபது நாள் கழித்து மதினி கோமதியிடமிருந்து கடிதம் வந்தது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த மதினி புள்ளி, கமா எதுவும் போடுகிற பழக்கம் இல்லாதவள்; பேசுகிற மாதிரியே ஒரே ஓட்டமாக எழுதியிருந்தாள். நடுவில் இப்படி இருந்தது: உங்க அண்ணன் உலகு வீட்டு வாசல இனி மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

உலகம்மாள் அதை வாசித்தபோது, வீட்டில் தன்னைக் கூப்பிடும் உலகு என்ற பெயருக்கு அப்புறம் ஒரு கமா இருந்தது. மதினி போடவில்லை, வாசித்தவளின் கண் போட்டது. உலகு, வீட்டு வாசல இனி மிதிக்கக் கூடாது. தாலி அறுத்தவள், தங்கள் வீட்டுக்கு ஆகாதவள் என்று அண்ணன் நினைத்துவிட்டார். அவள் பதில் எழுதவில்லை. ஆறு வருஷம் கழித்து மதினி மஞ்சள்காமாலையில் இறந்த செய்தியை ஒரு லாரி டிரைவர் கொண்டுவந்தபோது, புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனவள், எந்த வாசலுக்குப் போவது என்று நின்று, திரும்பி வந்துவிட்டாள்.

ஊரெல்லாம் கொக்கி போட்டுக்கொண்டிருந்த மாதத்தில் அவள் அந்த வாக்கியத்தை மட்டும் தொடவே இல்லை. பிறகு ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாதபோது, ஏன் தொடக்கூடாது என்று தோன்றியது. விரட்டுகிற வார்த்தைதான். ஆனாலும் அண்ணன் குரல். பாவாடையில் நாவற்பழம் கட்டிக்கொண்டு வந்தால் திட்டுகிற குரல், திட்டிவிட்டுக் கறை போகக் கசக்கிக் கொடுக்கிற ஆளின் குரல். திட்டாகவாவது அது ஒருமுறை காதில் விழட்டும் என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. எழுதினாள்.

"உலகு, வீட்டு வாசல இனி மிதிக்கக் கூடாது."

தாள் பேசவில்லை.

மதினி பொய் சொல்லிவிட்டாளா? வீட்டுக்கு ஓடிப்போய்க் கடிதத்தை எடுத்து வந்து வைத்துப் பார்த்தாள். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது, கடிதத்தில் இல்லாத ஒன்று தன் தாளில் இருப்பது. வேறொரு தாள் எடுத்தாள்.

"உலகு வீட்டு வாசல இனி மிதிக்கக் கூடாது."

வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு அழுது முடித்த ஒரு மனிதனின் குரல், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, அதைச் சொன்னது. உலகுவின் வீடு. அவள் இருக்கிற வீடு. மிதிக்கக் கூடாதவள் அவள் இல்லை, அவர்.

அவள் கடையைப் பூட்டினாள். மறுநாள் காலை செங்கோட்டை போய்ப் புனலூர் ரயில் ஏறினாள்.

சங்கரநயினார் ஒரு மர மில்லில் வாட்ச்மேனாக இருந்தார். அறுபது வயதுக்கு எழுபது போல் ஆகிவிட்ட உடம்பில் காக்கிச் சட்டை தொங்கியது. கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர், வாழைப்பழச் சீப்போடு வந்து நின்றவளைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை.

"உலகு" என்றார்.

"நீ என் வாசல மிதிக்கக் கூடாதுன்னா, ஒன் வாசல நான் மிதிக்கலாம்லா?"

"யாரு சொன்னா ஒனக்கு?"

"நீதான் சொன்ன. நேத்து மத்தியானம் கேட்டேன்."

பாறைக்குறிச்சியின் சங்கதி ரயிலில் வருகிறவர்கள் வாயிலாகப் புனலூருக்கும் வந்திருந்தது. அவர் தலையை ஆட்டினார்.

"மதினி எழுதினத நான் தப்பா வாசிச்சிட்டேன்ணே. என்னய வராதன்னு நீ சொன்னேன்னு வாசிச்சிட்டேன். பத்தொம்பது வருசம்."

"கோமதி சாவும்போது ஒன்னத்தான் தேடுனா" என்றார் அவர். "நீ வரல. சரி, ஒனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

"என்ன தெரிஞ்சு போச்சு?"

அவர் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு கரண்டு தானா வரல, உலகு. நாந்தான் போட்டேன். அவன் கம்பத்துல இருந்தான், நான் மோட்டார் ரூம்ல மெயின் பக்கத்துல. உள்ள நின்னா அவனத் தெரியாது. காத்து பேயா அடிக்கி. 'போடலாமா மாப்ள'ன்னு சத்தம் கொடுத்தேன். 'போடலாம்'னான். போட்டேன்." அவர் குரல் இறங்கியது. "போடலாம்னு சொன்னான். அதுக்கப்பறமும் என்னமோ காதுல விழுந்த மாதிரி இருக்கு. காத்துதானா, அவன்தானா, தெரியல. இத்தன வருசமா அதுக்கப்பறம் என்னன்னுதான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

உலகம்மாள் பழச்சீப்பைக் கீழே வைத்தாள். திரும்பி நடந்தாள். ரோட்டைத் தாண்டி, கடைகளைத் தாண்டி, ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்தபோதுதான் தான் நடந்து வந்ததே அவளுக்குத் தெரிந்தது. அண்ணனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அண்ணன் மடியில் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டுக்கும் அடியில், அவளே வெட்கப்படும்படியாக, இன்னொன்று கிடந்து துடித்தது: அவன் கடைசியாகப் பேசிய வார்த்தை காணாமல் போகவில்லை. அது அண்ணனிடம் இருக்கிறது.

ரயில் வந்தபோது சங்கரநயினாரும் ஏறினார். அவளிடமிருந்து எட்டு இருக்கை தள்ளி, காக்கிச் சட்டையோடேயே உட்கார்ந்தார். குகை குகையாக ரயில் நுழைந்து வெளியேறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குகையிலும் இருட்டி வெளிச்சம் வரும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்த்தாள், அவர் இருந்தார். பாறைக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் முதல்முறையாகக் கேட்டாள்.

"எதுக்கு வந்த?"

"அவன் முழுசா என்ன சொன்னான்னு தெரியணும்."

"எனக்கும்" என்றாள்.

வீட்டு முன்னால் அவர் தயங்கி நின்றார். "வரவா?"

"வந்துதான எழுதணும்."

மேசையில் நோட்டை விரித்துப் பேனாவைக் கொடுத்தாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதி, புள்ளி வைத்து, கொக்கியை மூடினார். "போடலாம்." தாள் பேசவில்லை.

"இல்ல, சொன்னான், உலகு. என் காதால கேட்டேன். போடலாம்னுதான் சொன்னான்."

அவள் பேனாவை வாங்கினாள். அதே தாளில், அந்தப் புள்ளிக்குக் கீழே ஒரு சின்ன வாலை இழுத்துவிட்டாள். "போடலாம்," என்று ஆனது. குத்தாலிங்கத்தின் குரல், பத்தொன்பது வருஷத்தில் வயதே கூடாத குரல், பல்லுக்கு இடையில் எதையோ கவ்விக்கொண்டு பேசுகிற மாதிரி, "போடலாம்," என்றது. சொல்லிவிட்டு, அடுத்ததைச் சொல்ல மூச்சை இழுத்தது. அவ்வளவுதான். அந்த மூச்சை இரண்டு பேருமே கேட்டார்கள். சங்கரநயினார் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தார். அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் கை சுவிட்சை ஏற்றியிருக்கிறது.

அவர் புனலூருக்குத் திரும்பவில்லை. மூன்று நாள் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து எழுதினார்கள். "போடலாம், இரு மச்சான்." "போடலாம், இப்பம் வேண்டாம்." "போடலாம், கொஞ்சம் பொறு." ஒன்றும் பேசவில்லை. அக்கம்பக்கத்தார் சேதி கேள்விப்பட்டு வந்தார்கள். யாரும் சங்கரநயினாரை ஒன்றும் சொல்லவில்லை. கொக்கி பேசத் தொடங்கிய ஆனிக்குப் பிறகு பாறைக்குறிச்சியில், ஒருவர் சொன்னதை இன்னொருவர் முழுதாகக் கேட்டிருப்பார் என்ற நம்பிக்கை யாருக்கும் மிச்சமில்லை. மாறாக, தங்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். பேச்சியம்மாள் கொழுக்கட்டை கொண்டுவந்து வைத்துவிட்டு, "வயரை விட்டுட்டேன்னு சொல்லிருப்பானோ?" என்றாள். ஆவுடையப்பன், "பீடிய முடிச்சிக்கிடுதேன்னு இருக்கும்" என்றான். தர்மக்கண் ஒரு புது நோட்டை வைத்துவிட்டுப் போனான். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தார்கள். தாள்கள் ஊமையாகக் கூடத்தில் குவிந்தன.

மூன்றாம் நாள் முற்பகல் சங்கரநயினார் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "கடைசில 'தேன்'னு ஒரு இழுப்பு. அது மட்டும் காத்து இல்ல. அது அவன்தான்."

உலகம்மாள் எழுதினாள். முடிக்குதேன். பாக்குதேன். சொல்லுதேன். பிறகு அவள் பேனாவை நிறுத்தி, கம்பத்தின் மேல் நிற்கிற ஒரு மனிதனை நினைத்துக்கொண்டாள். கீழே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மச்சான் நிற்கிறான், போடலாமா என்று கேட்கிறான், வேலை முடிந்துவிட்டது, இனி அவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் எழுதினாள்.

"போடலாம், நான் எறங்கிக்கிடுதேன்."

கொக்கி மூடியதும் குரல் வந்தது. அதில் பயம் இல்லை, அவசரம் இல்லை. வேலை முடிந்த திருப்தியும், கீழே இறங்கியதும் பசிக்கு எதையாவது தின்னப் போகிற ஒருவனின் நிதானமும் இருந்தன. தான் இறங்கும்வரை மச்சான் நிற்பான் என்று நம்புகிறவனின் குரல். 'தேன்' என்பதைக் கொஞ்சம் இழுத்து, அதன் நுனியில் லேசாகச் சிரித்தது.

சங்கரநயினார் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "எறங்கிக்கிடுதேன்னுதான் சொல்லிருக்கான்" என்றார். "நான் நிக்கல. நான் நிக்கல, உலகு."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. பரவாயில்லை என்று ஆகக்கூடிய விஷயம் இல்லை அது. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அவள் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"எழுதுண்ணே."

"என்னத்த?"

"அதத்தான். ஒன்கிட்டதான அவுக சொன்னது. நீ எழுதி நான் கேக்கணும்."

"என்னால முடியாது."

"எனக்காக எழுது."

அவர் பேனாவை எடுத்தார். எழுத்துகள் கோணின, கமா கீழே இறங்கி விழுந்தது. ஆனாலும் அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது, குரல் வந்தது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், திருப்பினாலும் அவருக்கும் கேட்டது.

"இன்னொருக்க" என்றாள்.

அவர் எழுதினார். எழுதி முடித்த ஒவ்வொரு முறையும் பேனாவைக் கீழே வைத்தார். ஒவ்வொரு முறையும் அவள் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.